நோட்டுப் புத்தகத்தில் ஒரு ஏஜென்ட்

செயற்கை நுண்ணறிவில் ஏஜென்ட் என்பது, அதாவது சூழலைப் பார்த்துத் தானே முடிவெடுத்துச் செயல்படும் ஒன்று, எப்படி இயங்குகிறது என்று பார்க்கக் கணினி வேண்டாம். ஒரு தாள், பென்சில், ஒரு ரூபாய் நாணயம் போதும். ஸ்டூவர்ட் ரஸ்ஸலும் பீட்டர் நார்விக்கும் எழுதி 1995-இல் முதல் பதிப்பு கண்ட பாடநூலில் வரும் வாக்குவம் கிளீனர் உலகத்தையே எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்து இரண்டு அறைகள், குப்பையை உறிஞ்சும் ஒரு ரோபோ. அவ்வளவுதான்.

முதல் வேலை, மதிப்பெண்ணை முடிவு செய்வது. பலரும் நேரே விதிகளை எழுத உட்கார்ந்துவிடுவார்கள். கோளாறெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. குப்பையை உறிஞ்சும் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி என்று வைத்துப் பாருங்கள். உறிஞ்சியதை அங்கேயே கொட்டி மறுபடி உறிஞ்சுவதுதான் ரோபோவுக்கு லாபம்! இது வெறும் கற்பனை அல்ல. 2016-இல் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்கள் கோஸ்ட் ரன்னர்ஸ் என்ற படகுப் பந்தய விளையாட்டில் ஒரு ஏஜென்ட்டைப் பழக்கினார்கள். வழியில் இருக்கும் இலக்குகளை இடித்தால்தான் அதில் புள்ளி. படகு ஓரிடத்தில் வட்டமடித்து, மீண்டும் மீண்டும் முளைக்கும் 3 இலக்குகளையே இடித்துக்கொண்டிருந்தது. தீப்பிடித்தது, மற்ற படகுகள்மேல் மோதியது, பந்தயத்தை முடிக்கவே இல்லை. ஆனாலும் மனித ஆட்டக்காரர்களைவிடச் சராசரியாக 20 சதவீதம் அதிகப் புள்ளி! படகைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்டதைத்தான் அது கொடுத்தது.

ஆகவே தாளின் தலையில் இப்படி எழுதுங்கள்: ஒவ்வொரு அடியின் முடிவிலும், சுத்தமாக இருக்கும் அறைக்குத் தலா 1 புள்ளி.

அடுத்து, ரோபோவுக்கு எது தெரியும், அது என்ன செய்யும் என்று இரண்டு பட்டியல்கள். தான் நிற்கும் அறை எது, அங்கே குப்பை உண்டா என்பது தெரியும். பக்கத்து அறை தெரியாது. இடது, வலது, உறிஞ்சு, சும்மா இரு என்று 4 செயல்கள். இந்த உலகம் மொத்தம் 8 நிலைகளில்தான் இருக்க முடியும். எட்டையும் கட்டங்களாக வரைந்துகொள்ளுங்கள்.

இனி விதிகள். குப்பை இருந்தால் உறிஞ்சு. இல்லையென்றால், இடது அறையில் வலப்பக்கம் போ, வலது அறையில் இடப்பக்கம் போ. இரண்டு அறையும் குப்பையாக இருக்கும் கட்டத்தில் விரலை வைத்து ஓட்டுங்கள். 3 அடியில் வேலை முடிந்துவிடும்.

இப்போது அறையைக் காட்டும் சென்சாரைப் பிடுங்கிவிடுங்கள். குப்பை இல்லையென்றால் இடப்பக்கம் போ என்று எழுதினால், இடது அறைக்குள் வந்த ரோபோ சுவரை முட்டிக்கொண்டே நிற்கும். இங்கேதான் நாணயம். பூ விழுந்தால் இடம், தலை விழுந்தால் வலம். சராசரியாக 2 முறை சுண்டினால் அடுத்த அறைக்குப் போய்விடும். கண் தெரியாத இடத்தில் குருட்டுப் பிடிவாதத்தைவிடக் குருட்டு அதிர்ஷ்டம் மேல்.

சென்சாரைத் திருப்பிக் கொடுத்து, நகரும் ஒவ்வொரு அடிக்கும் 1 புள்ளி கழியுங்கள். பழைய விதிப்படி, எல்லாம் சுத்தமான பிறகும் ரோபோ அலைந்துகொண்டே புள்ளியை இழக்கும். இதற்கு ஞாபகம் தேவை. தாளின் ஓரத்தில் அறைக்கொரு கட்டம் போட்டு, கடைசியாகப் பார்த்தபோது எப்படி இருந்தது என்று குறித்துவரச் செய்யுங்கள். இரண்டும் சுத்தம் என்றால் சும்மா இருக்கட்டும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தக் குறிப்பு சீக்கிரமே பழசாகிவிடும். எத்தனை அடிக்கு ஒருமுறை எட்டிப்பார்ப்பது? நீங்கள் ஊகிக்க வேண்டாம். எத்தனை அடி கழித்துப் போனது, அப்போது குப்பை இருந்ததா என்று ஒவ்வொரு முறையும் ரோபோவே எழுதிவைத்து, இடைவெளியை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளட்டும். கற்கும் ஏஜென்ட்டின் அடிப்படை இதுதான்.

இன்று பேசப்படும் ஏஐ ஏஜென்ட்களிலும் பார், முடிவெடு, செய், மறுபடி பார் என்ற இதே சுழற்சிதான். விதிப் பட்டியலின் இடத்தில் ஒரு மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்). கைகளாக மின்னஞ்சல், தேடுபொறி, கோப்புகள். அப்படி ஒன்றிடம் வேலை கொடுக்கும் முன் செயல் பட்டியலை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். மடலுக்கு வரைவு எழுதுவது, கோப்பைப் படிப்பது போன்றவை அது தானாகவே செய்யலாம். மடலை அனுப்புவது, கோப்பை அழிப்பது, பணம் கட்டுவது எல்லாம் உங்களைக் கேட்ட பிறகுதான். எத்தனை முறை முயன்றும் முடியாவிட்டால் நிறுத்த வேண்டும் என்ற எண்ணையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.