டிக்கெட்டில் மாநிலச் சட்டம் எங்கே?

கேள்வி: அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். வேகமாக கார் ஓட்டினான் என்று ஒரு சின்ன ஊர் போலீஸ் அவனுக்கு டிக்கெட் கொடுத்தது. அதில் மாநிலச் சட்டத்தின் பெயரே இல்லை. அந்த நகரத்தின் 'ஆர்டினன்ஸ்' என்று போட்டிருந்தது. ஊருக்கு ஊர் சாலை விதி எழுதிக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஆர்டினன்ஸ் என்றால் நமக்கு ஆளுநர் பிறப்பிக்கும் அவசரச் சட்டம்தான் நினைவுக்கு வரும். அங்கே அது நகர மன்றம் ஓட்டெடுத்து நிறைவேற்றும் உள்ளூர்ச் சட்டம்.

ஊருக்கு ஊர் இஷ்டப்படி விதி எழுத முடியாது. மாநிலம் முழுவதும் ஒரே போக்குவரத்து விதி என்று கான்சஸ் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. அதற்கு முரணாக எந்த நகரமும் போக முடியாது. பிறகு அதே விதியை நகரம் எதற்காக இன்னொரு முறை நிறைவேற்ற வேண்டும்? காரணம் நீதிமன்றம். நகர நீதிமன்றம் அந்த நகரத்தின் சட்டத்தை மீறிய வழக்கை மட்டுமே விசாரிக்கலாம். மாநிலச் சட்டத்தின்படி டிக்கெட் எழுதினால் வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்விடும், அபராதப் பணமும் ஊரை விட்டுப் போய்விடும்.

நூற்றுக்கணக்கான பிரிவுகளைச் சின்ன ஊர் எப்படி எழுதும்? எழுதவே வேண்டாம். கான்சஸ் நகராட்சிகளின் கூட்டமைப்பு ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாதிரிச் சட்டப் புத்தகம் வெளியிடுகிறது. மாநிலச் சட்டமன்றம் செய்த திருத்தங்கள் அதில் சேர்ந்திருக்கும். 'இந்த ஆண்டுப் பதிப்பை ஏற்கிறோம்' என்று ஒன்றிரண்டு பக்கத்தில் ஓர் ஆர்டினன்ஸ் போட்டால் புத்தகம் முழுவதும் ஊர்ச் சட்டமாகிவிடும். ஊருக்குப் பொருந்தாத பிரிவை நீக்கலாம், உள்ளூர்த் தேவைக்குச் சிலவற்றைச் சேர்க்கலாம்: எங்கே பார்க்கிங், எது ஒருவழிப் பாதை, எந்தத் தெருவில் என்ன வேகம். வேக வரம்பை மாற்ற, முதலில் பொறியாளர் ஆய்வு நடக்க வேண்டும். நகர்ப்பகுதிக்குப் பொதுவாக மணிக்கு 30 மைல்.

இதில் மனதுக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஏற்றுக்கொண்ட புத்தகத்தில் 'இன்ன எண் ஆர்டினன்ஸின்படி ஏற்கப்பட்ட அதிகாரபூர்வப் பிரதி' என்று முத்திரை குத்தி, நீக்கியதையும் மாற்றியதையும் அதிலேயே குறித்து, ஆர்டினன்ஸையும் இணைத்து நகர கிளார்க்கிடம் வைக்க வேண்டும். அலுவலக நேரத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் புரட்டிப் பார்க்கலாம். அபராதம் கட்டுகிறவருக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை இதுதான்: எந்த வரியின்படி பணம் கேட்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கும் உரிமை.

பதிப்பில் ஆண்டு ஏன் முக்கியம் என்பதற்கு 2010-இல் நடந்ததைப் பார்க்கலாம். கார் ஓட்டிக்கொண்டே செல்போனில் குறுஞ்செய்தி அனுப்புவதை கான்சஸ் அந்த ஆண்டு தடை செய்தது. 2010 ஜூலை முதல் எச்சரிக்கை, 2011 ஜனவரி 1 முதல் 60 டாலர் அபராதம். தடை மாநிலம் முழுவதற்கும்தான். ஆனால் 2009 பதிப்போடு நின்றுவிட்ட ஊருக்கு அந்தக் குற்றத்தைத் தன் நீதிமன்றத்தில் விசாரிக்க வழியில்லை. தனியாக ஆர்டினன்ஸ் போட வேண்டும், இல்லையென்றால் புதுப் பதிப்பை ஏற்க வேண்டும்.

நம் ஊரில் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் நாடாளுமன்றத்தினுடையது. கும்பகோணம் மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சட்டம் மாறிய பிறகு வரும் இடைவெளி இங்கே மாநில அளவில் வந்தது. அந்தச் சட்டத்தில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2019 செப்டம்பர் 1-இல் அமலுக்கு வந்தன. ஸ்பாட் ஃபைன் தொகையை நிர்ணயிப்பது மாநில அரசு என்பதால், தமிழ்நாட்டில் ஹெல்மெட் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ஆனது 2022 அக்டோபரில்தான்.

மகன் செய்ய வேண்டியது எளிது. டிக்கெட்டில் உள்ள பிரிவு எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, அன்றைக்கு எந்த ஆண்டுப் பதிப்பு அமலில் இருந்தது, அந்தத் தெருவின் வேக வரம்பு எந்த ஆர்டினன்ஸில் இருக்கிறது என்று நகர கிளார்க் அலுவலகத்தில் கேட்கட்டும். வேக வரம்புப் பலகை அங்கே இருந்ததா என்பதையும் பார்த்துக்கொள்ளட்டும். அபராதத்தை ஒப்புக்கொள்வதா, வழக்காடுவதா என்பதை டிக்கெட்டில் போட்டிருக்கும் கெடு தேதிக்குள் முடிவு செய்துவிட வேண்டும்.