ஒரு காரட்டா, 90 சென்ட்டா?

கேள்வி: நிச்சயதார்த்தத்தில் மருமகளுக்கு ஒற்றைக்கல் வைர மோதிரம் போடப்போகிறோம். ஒரு காரட்தான் வேண்டும் என்கிறான் மகன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் பட்டை. வெளிச்சத்தை வாங்கித் திருப்பி வீசுவது அதுதான். பட்டை சரியில்லாத கல் எத்தனை பெரிதானாலும் கண்ணாடித் துண்டுபோல மங்கிக் கிடக்கும். ஒரு காரட் என்பது 0.2 கிராம், அதாவது 100 சென்ட். அந்த முழு எண்ணுக்கென்றே விலை எகிறும். 90 சென்ட் கல்லை விரலில் பார்த்து வித்தியாசம் சொல்ல உங்கள் சம்பந்தியம்மாளாலும் முடியாது! நிறத்தில் மிக உயர்ந்த தரமான 'டி' தேவையில்லை; மஞ்சள் தங்கத்தில் பதித்தால் அதற்குக் கீழுள்ள 'ஐ' கூட வெள்ளையாகவே தெரியும். தோஷம் பார்க்கக் கல்லை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் கல்லோடு வரும் தரச் சான்றிதழை மடித்துப் பீரோவில் போட்டுவிடுகிறார்கள். அதன் எண் பெரும்பாலும் கல்லின் விளிம்பில் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும். கடையிலேயே லென்ஸ் கேட்டு ஒப்பிடுங்கள்.