பழைய மரங்களை இனங்கண்டு பதிந்து வைத்தல்

அநுராதபுரத்து ஸ்ரீமகாபோதி என்னும் வெள்ளரசு கி. மு. 3ஆம் நூற்றாண்டில் நடப்பட்டதெனக் கூறப்படுவதற்குக் காரணம் அதன் பருமனன்று; நட்ட செய்தி மகாவமிசத்தில் எழுதப்பட்டிருத்தலேயாம். குளக்கட்டில் நிற்கும் மருதுக்கும் கோயில் வீதி இலுப்பைக்கும் அத்தகைய சான்றில்லை. ஆதலின், பாதை அகலிக்கப்படும் நாளில் அவை வெறும் விறகாகவே மதிக்கப்படுகின்றன. 1951ஆம் ஆண்டின் மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை முதலிய இனங்களைத் தறிப்பதற்கு அநுமதி வேண்டுமென்கின்றது. மரத்தின் வயதை அது நோக்குவதன்று.

குளிர்நாடுகளில் மாரிதோறும் வளர்ச்சி நிற்பதனால் ஆண்டுக்கொரு வளையம் மரத்தில் உண்டாகும். வரண்ட பிரதேசத்து மரங்களில் இவ்வளையங்கள் தெளிவாயமைவதில்லை. ஒரே ஆண்டில் இருமுறை மழை பெய்யின் இரண்டு வளையங்கள் தோன்றுதலுங் கூடும். பனைக்கு வளையமே இல்லை. பருமனும் ஏமாற்றும். மன்னார்ப் பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 19.5 மீற்றர். 1477இல் அராபியர் அதனை நட்டனரென்பது வழக்கு. பெருக்கமரமோ விரைவிற் பருப்பது. அடிமரத்தில் நீரைத் தேக்குவதாகலின் வறட்சிக் காலத்தில் அதன் சுற்றளவு சிறிது குறையவுங் கூடும். எனவே ஓரினத்து மரத்தை அவ்வினத்து மரங்களுடனேயே ஒப்பிடல் வேண்டும்.

அளக்கும்போது நிலத்திலிருந்து 1.3 மீற்றர், அதாவது 4 அடி 3 அங்குல உயரத்தில், அளவுநாடாவை அடிமரத்தைச் சுற்றி மட்டமாகப் பிடித்தல் வேண்டும். நாடா இல்லாவிடின் இழுபடாத கயிறு போதும். குளக்கட்டுப் போன்ற சரிவில் மேற்புறத்து நிலத்திலிருந்தே உயரத்தைக் கணித்தல் வேண்டும். மருதின் அடியில் வேர்கள் சுவர்போற் புடைத்திருப்பின், புடைப்புக்கு மேலே அளந்து அவ்வுயரத்தையும் எழுதுக. ஆலின் விழுதுகளை அடிமரத்தோடு சேர்த்து அளத்தலாகாது. பலர் தவறுவது இவ்விடத்திலேயாம்.

பதிவிலே மரத்தின் பெயர், ஊரார் அதற்கு வழங்கும் பெயர், சுற்றளவு, அளந்த திகதி, குளத்து வானிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ உள்ள தூரம் ஆகியன இடம்பெறுதல் வேண்டும். பழைய காணி உறுதியில் அம்மரம் எல்லையாகக் காட்டப்பட்டிருப்பின், உறுதியின் ஆண்டே மிகச்சிறந்த சான்றாகும். முதியோர் கூறுவதையும் எழுதலாம். எனினும் அது கேள்விச் செய்தியென்பதைக் குறித்து வைத்தல் நன்று. பதிவின் ஒரு பிரதியைக் கமக்கார அமைப்பிலும், மற்றொன்றைக் கிராம அலுவலரிடத்தும் வைப்பின், தறிக்கும் பேச்சு எழும்போது எடுத்துக் காட்டலாம்.

அடிமரம் பொந்தாயிருத்தல் மரம் பட்டதற்கு அடையாளமன்று. நீரை மேலேற்றுவது பட்டையை அடுத்துள்ள வெளிமரமே. உள்ளே உக்கிப்போவது உயிரற்ற வைரமாகும். பொந்துக்குச் சீமெந்து இடுதல் வேண்டியதில்லை. உழவு இயந்திரத்தால் மரத்தின் கீழ் ஆழ உழுதல், வைக்கோலை அடிமரத்தருகே எரித்தல், வாய்க்கால் வெட்டிய மண்ணை வேரின்மேற் குவித்தல் ஆகியவையே மரத்தை மெல்லக் கொல்வன. வேர்களிற் பெரும்பாலானவை மேல்மண்ணிலேயே பரவியிருத்தலால், கிளைகளின் நிழல் விழும் எல்லைவரையாயினும் உழாது விடுதல் வேண்டும்.

ஐந்தாண்டுக்கொருமுறை அதே மாதத்தில், அதே உயரத்தில் மீண்டும் அளக்கலாம். அளந்த இடத்தைக் காட்ட ஆணி அறைதலாகாது. சுண்ணாம்புக் கோடு போதும்.