முதியோர் இல்ல வேலைக்குப் போகட்டும், தடுக்காதீர்கள்

கேள்வி: என் மகள் நியூ ஜெர்சியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு உயிரியல் படிக்கிறாள். டாக்டருக்குப் படிப்பதா, ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் ஆவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எதற்கு விண்ணப்பித்தாலும் நோயாளிகளோடு பழகிய அனுபவம் வேண்டுமாம். அதற்காக சி.என்.ஏ. எனப்படும் நர்ஸ் உதவியாளர் பயிற்சி எடுத்து முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். குளிப்பாட்டுவதும் டயப்பர் மாற்றுவதும்தான் அந்த வேலை என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. திருநெல்வேலியில் என் அண்ணன் ஆஸ்பத்திரி நடத்துகிறார். கோடை விடுமுறையில் அனுப்பிவை, ஆபரேஷன் தியேட்டரில் கூடவே நிற்கட்டும், தையல் போடக்கூடக் கற்றுத்தருகிறேன் என்கிறார். இல்லையென்றால், டாக்டர் பக்கத்தில் இருந்து குறிப்பெடுக்கும் ஸ்க்ரைப் வேலைக்காவது போகட்டுமா?
- ஒரு வாசகி, எடிசன்

பதில்: உங்கள் மகள் சரியாகத்தான் யோசித்திருக்கிறாள் அம்மா. தடுக்காதீர்கள்.

குளிப்பாட்டுவதும் டயப்பர் மாற்றுவதும் அந்த வேலையில் உண்டு. ஆனால் அதைச் செய்யும்போது என்னவெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்கிறேன். பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அடியில் விரித்த துணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தோல் உராயாமல் தூக்கி நகர்த்துவார்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் இருக்க இன்னொன்று. திருப்பும்போது இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் பரவாயில்லை. வெளுக்கவே இல்லை என்றால் படுக்கைப்புண் தொடங்குகிறது, உடனே நர்ஸிடம் ஓட வேண்டும். நம்முடையதைப் போன்ற கறுத்த தோலில் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. சூடும் இறுக்கமும் தொட்டால்தான் புரியும். டாக்டர் சில நிமிஷம் பார்த்துவிட்டுப் போகும் உடம்பை சி.என்.ஏ. தன் ஷிப்ட் முழுக்கப் பார்க்கிறார். நேற்றுத் தெளிவாகப் பேசியவர் இன்று ஏன் குழறுகிறார் என்பது பல நேரம் சி.என்.ஏ.வின் கண்ணில்தான் முதலில் படும். இருபது வயதில் இதைக் கற்றுக்கொள்ளும் பெண்ணைப் பற்றிப் பெருமைப்படுங்கள்.

டாக்டரோடு சேர்ந்து சிகிச்சை தரும் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் என்ற தொழிலே இப்படிப்பட்ட அனுபவத்தின் மேல் கட்டப்பட்டதுதான். 1965இல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் முதல் வகுப்பைத் தொடங்கியபோது, கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக வேலை பார்த்துவிட்டு வந்தவர்களைத்தான் சேர்த்துக்கொண்டார். காயத்தையும் ரத்தத்தையும் தொட்டுப் பழகியவர்கள் என்பதால் அவர்களுக்குக் குறைந்த காலத்தில் கற்பித்துவிட முடிந்தது. இன்றும் அந்தப் படிப்பு பெரும்பாலான இடங்களில் இரண்டு, இரண்டரை வருஷம்தான். நோயாளியை எப்படி நெருங்குவது என்று முதலிலிருந்து சொல்லித்தர அங்கே நேரம் கிடையாது.

எத்தனை மணி நேரம் வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கணக்கே வைக்காத இடங்களும் உண்டு, 500, 1000, ஏன் 2000 மணி நேரம் கேட்கும் இடங்களும் உண்டு. மலைக்க வேண்டாம். ஒரு கோடையில் பன்னிரண்டு வாரம் முழுநேரம் பார்த்தாலே 480 மணி நேரம் ஆகிவிடும். டாக்டர் படிப்புக்கு இப்படிப் பொதுவான வரம்பு எதுவும் இல்லை. விண்ணப்பத்தில் அதிகபட்சம் 15 அனுபவங்களைக் குறிப்பிடலாம், அதில் மூன்றை மட்டும் கொஞ்சம் விரித்து எழுதலாம். அங்கே விரித்து எழுத உள்ளே விஷயம் இருக்க வேண்டும்.

ஸ்க்ரைப் வேலை நல்ல வேலை. டாக்டர் எப்படிக் கேள்வி கேட்டு நோயைச் சுருக்கிக்கொண்டே வருகிறார் என்பதை அதைவிடப் பக்கத்திலிருந்து பார்க்க முடியாது. டாக்டர் படிப்புக்கு அதை மதிக்கிறார்கள். ஆனால் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் விண்ணப்பத்தில் நோயாளியை நேரடியாகக் கவனித்த அனுபவம் தனி, மற்ற மருத்துவத் துறை அனுபவம் தனி. ஸ்க்ரைப் வேலையைப் பல கல்லூரிகள் இரண்டாவதில்தான் சேர்க்கின்றன. இரண்டு வழியும் திறந்திருக்க வேண்டுமென்றால் சி.என்.ஏ. அல்லது ஆம்புலன்ஸில் போகும் இ.எம்.டி. வேலைதான் பாதுகாப்பு. கூடவே ஒரு டாக்டரோடும் ஒரு ஃபிசிஷியன் அசிஸ்டென்டோடும் சில நாள் ஷேடோயிங் போகட்டும், அதாவது கூடவே இருந்து பார்க்கட்டும். எந்தப் படிப்பு என்ற முடிவு அங்கேதான் கிடைக்கும்.

இனி திருநெல்வேலி. உங்கள் அண்ணன் அன்பாகச் சொல்கிறார், ஆனால் தையல் போடும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். இங்கே பயிற்சியில்லாத ஒரு கல்லூரி மாணவியை யாராவது தையல் போட விடுவார்களா? மேசையில் படுத்திருக்கும் அம்மாளிடம், உங்களுக்குத் தைக்கப்போவது இன்னும் மருத்துவப் படிப்பில் சேராத பெண் என்று சொல்லிச் சம்மதம் வாங்குவார்களா? இங்கே செய்யக்கூடாததை ஏழை நோயாளியிடம் செய்துபார்ப்பது தவறு. விண்ணப்பத்தில் அதைச் சாதனையாக எழுதினால் தேர்வுக் குழு நெற்றியைச் சுருக்கும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே வெளிநாடு போகும் மாணவர்களுக்கு இதுபற்றி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. மாமா வீட்டுக்குப் போகட்டும், நோயாளியின் அனுமதியோடு கைகட்டி நின்று பார்க்கட்டும், வெளியே காத்திருப்பவர்களோடு தமிழில் பேசட்டும். அது இங்குள்ள வேலைக்குக் கூடுதல்தான், மாற்று அல்ல.

சி.என்.ஏ. பயிற்சிக்கு மத்திய அரசு விதித்த குறைந்தபட்ச அளவு 75 மணி நேரம், பல மாநிலங்கள் அதற்கு மேலும் கேட்கின்றன. வேலைக்கு எடுத்துக்கொண்டு பயிற்சிச் செலவையும் ஏற்கும் முதியோர் இல்லங்கள் இருக்கின்றன. பணம் கட்டுமுன் அதை விசாரித்துவிடுங்கள். தடுப்பூசிச் சான்று, காசநோய்ப் பரிசோதனை, கைரேகைச் சோதனை ஆகியவற்றுக்குச் சில வாரம் பிடிக்கும். ஆகவே கோடையில் வேலை வேண்டுமென்றால் குளிர்காலத்திலேயே தொடங்க வேண்டும். வேலை பார்த்த தேதி, மணி நேரம், மேற்பார்வையாளரின் தொடர்பு விவரம் மூன்றையும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். நோயாளியின் பெயரோ அறை எண்ணோ மட்டும் அதில் வரக் கூடாது.