பாடம் 14: பழைய வீட்டில் புது வேலை

உங்கள் கையில் ஒரு சாவி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உள்ளங்கையை விட நீளமான இரும்புச் சாவி. அது திறக்கும் கதவு, தமிழ்நாட்டில் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் இருக்கிறது. வீட்டுக்கு 110 வயது. பத்து வருடமாகப் பூட்டியே கிடக்கிறது. வரும் தை மாதம் உங்கள் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். அது இந்த வீட்டில்தான் நடக்கணும் என்று அப்பத்தா சொல்லிவிட்டார். (அப்பத்தா என்றால் அப்பாவின் அம்மா. அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.)

"வீட்டைச் சரி பண்ணுங்க. ஆனா வீட்டை மாத்திடாதீங்க." இது அப்பத்தாவின் உத்தரவு.

சரி பண்ணணும், ஆனால் மாத்தக் கூடாது. அது எப்படி முடியும்?

இந்த வீடும் இந்த அப்பத்தாவும் கற்பனை. ஆனால் இதே மாதிரி வீடுகள் செட்டிநாட்டில் நிஜமாகவே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் 70க்கும் மேற்பட்ட ஊர்கள் சேர்ந்ததுதான் செட்டிநாடு. அங்கே பல குடும்பங்கள் இந்தக் கேள்வியை இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

வாங்க, கதவைத் திறக்கலாம்.

தெருவிலிருந்து படி ஏறினால் முதலில் திண்ணை. வழிப்போக்கர்கள்கூட உட்கார்ந்து இளைப்பாறலாம். அடுத்தது முகப்பு, விருந்தாளிகளை வரவேற்கும் இடம். பிறகு பெரிய நிலைக்கதவு. அதைத் தாண்டினால் வளவு. வளவின் நடுவில் கூரை இல்லாத முற்றம்; நிமிர்ந்து பார்த்தால் வானம் தெரியும். முற்றத்தைச் சுற்றித் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் அறைகள். அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு. கடைசியில் அடுப்படி, அதாவது சமையலறை. பின் கதவைத் திறந்தால் அடுத்த தெருவே வந்துவிடும்! பல வீடுகளில் முன் வாசலில் நின்றாலே பின் வாசல் நேராகத் தெரியும்.

இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டியவர்கள் நகரத்தார். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் அவர்கள் பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து போய் வணிகம் செய்தார்கள். வீட்டுத் தூண்களுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. தரைக்கு இத்தாலியிலிருந்து பளிங்கு வந்தது. கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது. 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. அங்கே இருந்த தொழில் போனது. குடும்பங்கள் சென்னைக்கும் வேறு நாடுகளுக்கும் வேலை தேடிப் போயின. வீடுகள் பூட்டப்பட்டன.

இப்போ ஒன்று யோசிங்க. தேக்கு பர்மா, பளிங்கு இத்தாலி, கண்ணாடி பெல்ஜியம். கட்டிய காலத்திலேயே இது கலந்து கட்டிய வீடு. அப்போ "வீட்டை மாத்தாதே" என்றால் எதை மாத்தக் கூடாது? வெளியூர்ப் பொருள் எதுவும் வரக் கூடாது என்று அர்த்தமாக இருக்க முடியாது. ஒவ்வொரு பகுதியும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

முதல் வேலை கூரையில். ஏனென்றால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். கூரை ஒழுகினால் கீழே நீங்கள் செய்த எல்லா வேலையும் வீண். கூரை மேல் வளைந்த களிமண் ஓடுகள் இருக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். நடுவில் காற்று நிற்பதால் வெயிலின் சூடு உடனே உள்ளே இறங்காது.

"ஓட்டையெல்லாம் எடுத்துட்டு கான்கிரீட் போட்டுடலாம் தம்பி. நூறு வருஷத்துக்குக் கவலை இல்ல" என்று ஒருவர் சொல்வார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கான்கிரீட் தளம் எவ்வளவு கனம்! கீழே இருக்கும் சுவர் ஓட்டைத் தாங்கக் கட்டியது. கோடையில் கான்கிரீட் பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் வீட்டுக்குள் விடும். அதனால் ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி, உடைந்ததை மட்டும் மாற்றி, கரையான் அரித்த மரச்சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டம் வைத்து, மறுபடி அடுக்குவதுதான் நல்லது. வேலை மெதுவாகத்தான் நடக்கும்.

அடுத்தது சுவர். இந்தப் பாடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

செட்டிநாட்டுச் சுவரைத் தொட்டால் வழுவழுவென்று, குளுகுளுவென்று இருக்கும். அது பெயின்ட் இல்லை. சுண்ணாம்புப் பூச்சு. சிப்பியையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் சுடுவார்கள். அதில் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று கொதித்துப் பொடியும். இதற்கு "நீற்றுதல்" என்று பெயர். மணல், வெல்லம், கடுக்காய் ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்து, பல அடுக்குகளாகப் பூசுவார்கள். கடைசி அடுக்கில் முட்டையின் வெள்ளைக்கருவும் சேரும். பிறகு கையால் தேய் தேய் என்று தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள்.

பூசிய பிறகு என்ன நடக்கிறது தெரியுமா? சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி கல்லாக மாறுகிறது. சிப்பியாக இருந்தது, சூளையில் பொடியாகி, சுவரில் திரும்பவும் சிப்பி மாதிரியே கெட்டியாகிறது! உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள், சமன்பாடு எழுதிக் காட்டுவார்.

இந்தச் சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய உண்டு. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் அந்தத் துளைகள் வழியாக ஆவியாகி வெளியே போய்விடும். "சுவர் மூச்சு விடுது" என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான்.

இப்போ ஒரு மூலையில் பூச்சு உதிர்ந்திருக்கிறது. கடையில் சிமென்ட் இருக்கிறது. ஒரே நாளில் பூசிவிடலாம். பூசினால் என்ன ஆகும்?

சிமென்ட் கெட்டி. ஈரம் வெளியே வர வழி இல்லை. உள்ளேயே தங்கும். இரண்டு, மூன்று வருடத்தில் சிமென்ட் ஒட்டிய இடத்தைச் சுற்றி உப்புப் பூக்கும், பூச்சு பொரிந்து விழும். உள்ளே செங்கல் மாவு மாதிரி உதிர ஆரம்பிக்கும். சரி பண்ணப் போய்ச் சுவரையே கெடுத்த கதை.

நம்ப முடியவில்லையா? வீட்டில் இரண்டு ஸ்பாஞ்சுகளை நனைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வையுங்கள். மற்றதை அப்படியே மேசையில் வையுங்கள். மூன்று நாள் கழித்துத் தொட்டுப் பாருங்கள்.

அப்போ சிமென்ட் கெட்டதா? இல்லவே இல்லை. கீழே குனிந்து தரையைப் பாருங்க. பூவும் கொடியுமாக வண்ணக் கற்கள். ஆத்தங்குடி என்ற ஊரில் செய்தவை. அவற்றில் இருப்பதே சிமென்ட்தான்! ஒரு கண்ணாடித் துண்டின் மேல் தகட்டு அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்துவார்கள். சூளையில் சுடுவது கிடையாது. தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். கண்ணாடி பிரிந்து வந்ததும் அதன் பளபளப்பு கல்லில் இருக்கும். தரையில் நாலு கல் உடைந்திருந்தால், அந்தப் பூவைக் காட்டி ஆத்தங்குடியில் புதிதாகவே செய்து வாங்கலாம். இன்னும் அங்கே கையால் செய்கிறார்கள். ஒன்றே ஒன்று, ஆசிட் ஊற்றிக் கழுவிடாதீங்க. நிறமும் மினுமினுப்பும் போய்விடும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

சிமென்ட் தரைக்கு நல்ல நண்பன், சுண்ணாம்புச் சுவருக்கு எதிரி. ஒரு பொருள் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதுதான் முக்கியம்.

முற்றத்துக்கு வருவோம். "மேல கண்ணாடி போட்டு மூடிடலாம். மழை வராது, காக்கா வராது" என்று உங்கள் சித்தப்பா சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கல்யாணத்தில் மழை பெய்தால் எல்லாரும் நனைவார்கள். ஆனால் முற்றம் சும்மா திறந்திருக்கவில்லை. வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று அந்த வழியாகத்தான் மேலே போகிறது. அப்போது வாசல், ஜன்னல் வழியாக வேறு காற்று உள்ளே வருகிறது. மழை பெய்தால் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் வந்து விழும். கொஞ்சத்தை அண்டாவில் பிடித்துக்கொள்வார்கள். கண்ணாடி போட்டால் காற்றும் நிற்கும், வெயில் மட்டும் உள்ளே வரும். அடுப்பு மாதிரி ஆகிவிடும். காக்கைக்குக் கம்பி வலை போதும். கல்யாண நாளுக்கு ஒரு பந்தல் போட்டுப் பிறகு பிரித்துவிடலாம். பந்தல் எதுக்கு இருக்கு?

"பிறகு பிரித்துவிடலாம்" என்பது நல்ல விதி. கணினியில் தப்பாக எதையாவது அழித்துவிட்டால் "அன்டூ" அழுத்துகிறோம் இல்லையா? நான் மென்பொருள் எழுதுகிறவன். அந்தப் பொத்தான் இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது. வீட்டுக்கு அப்படிப் பொத்தான் இல்லை. அதனால் முடிந்த வரைக்கும், நாளைக்கு இன்னொருவர் எடுத்துவிடக்கூடிய மாதிரி வேலை செய்யணும். மின்கம்பியைச் சுவரில் வெட்டிப் புதைக்காமல், மரப்பட்டை மேல் ஓட்டலாம். அப்பத்தாவுக்கு முட்டி வலி. படி ஏற முடியாது. படியை உடைக்க வேண்டாம். அதன் மேல் மரச் சரிவு ஒன்று வைக்கலாம்.

கழிப்பறை மட்டும் கண்டிப்பாகப் புதிதாகக் கட்டணும். அந்தக் காலத்தில் வீட்டுக்குள் கழிப்பறை கிடையாது. அதையும் அப்படியே காப்பாத்தணும் என்று யாராவது சொன்னால், ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு அவரையே கொல்லைக்குப் போகச் சொல்லுங்கள்! பின்கட்டில், பழைய சுவருக்குள் குழாய் போகாதபடி, தனியாக ஒன்று கட்டலாம்.

கடைசியாக, ஒரு கஷ்டமான விஷயம். இத்தனைக்கும் பணம் வேண்டும். ஒருவர் வந்து நிலைக்கதவைத் தடவிப் பார்க்கிறார். யானை, லட்சுமி, கொடி எல்லாம் செதுக்கிய கதவு. "இந்தக் கதவைக் குடுங்க. கூரை வேலை முழுக்க நான் குடுக்கற பணத்துலயே முடிஞ்சிடும்" என்கிறார். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு என்று ஒரு தெரு உண்டு. வரிசையாகப் பழம்பொருள் கடைகள். இடித்த வீடுகளின் கதவு, தூண், பாத்திரம், படம் எல்லாம் அங்கே விற்பனைக்கு இருக்கும். உங்கள் கூரைக்குத் தேவையான பழைய ஓடுகூட இடித்த ஏதோ ஒரு வீட்டிலிருந்துதான் வரப்போகிறது. அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். ஆனாலும் விழுந்த வீட்டின் ஓட்டை வாங்கி இன்னொரு வீட்டை நிற்க வைப்பது வேறு. நிற்கிற வீட்டின் கதவைக் கழற்றி விற்பது வேறு. கதவை நான் விற்க மாட்டேன்.

ஆனால் முடிவு நான் எடுப்பதில்லை, நீங்களும் தனியாக எடுக்க முடியாது. இந்த மாதிரி வீடு ஒருவருக்குச் சொந்தமில்லை. தாத்தாவின் அண்ணன் தம்பி வழியில் வந்த பங்காளிகள் எல்லாருக்கும் பங்கு உண்டு. ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கோவையில், ஒருவர் அமெரிக்காவில். பத்துப் பேர் சரி என்று சொல்லி ஒருவர் வேண்டாம் என்றால் வேலை நின்றுவிடும். பல வீடுகள் மழையால் விழவில்லை. பேசி முடிக்காததால் விழுந்தன. சில குடும்பங்கள் வேறு வழி கண்டுபிடித்தன. கானாடுகாத்தான், கொத்தமங்கலம் போன்ற ஊர்களில் சில பழைய வீடுகளைப் பழுதுபார்த்து, பயணிகள் தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களும் சேர்ந்தன.

இதெல்லாம் தமிழ்நாட்டுக் கதை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் இருக்கிறீர்களா? நூறு வருடத்துக்கு முந்தைய செங்கல் வீடுகளில் நிறைய, சுண்ணாம்புக் கலவை வைத்துக் கட்டியவைதான். அங்கேயும் சிமென்ட் பூசினால் அதே ஈரம், அதே தொல்லை. சிங்கப்பூரில் இருந்தால் லிட்டில் இந்தியாவுக்குப் போய்ப் பாருங்க. 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்த இடம் அது. கடைவீடுகளின் முன்பக்கத்தையும் ஐந்தடிப் பாதையையும் வைத்துக்கொண்டு, உள்ளே ஏசியும் லிஃப்டும் போட்டிருக்கிறார்கள்.

சொல் அறிவோம்

திண்ணை – வீட்டு வாசலில் உட்காரும் மேடை
முற்றம் – வீட்டின் நடுவில் கூரை இல்லாத இடம்
நிலை – கதவைத் தாங்கும் மரச்சட்டம்
கரையான் – மரத்தை அரிக்கும் பூச்சி
கொத்தனார் – சுவர் கட்டுபவர், பூசுபவர்
பங்காளி – சொத்தில் பங்கு உள்ள உறவினர்

பேச்சும் எழுத்தும்

பாடத்தில் "சரி பண்ணணும்" என்றும் "சரி செய்ய வேண்டும்" என்றும் இரண்டு விதமாகச் சொல்லலாம். முதலாவது பேச்சு, இரண்டாவது எழுத்து. "மாத்திடாதீங்க", "முடிஞ்சிடும்", "போட்டுடலாம்" ஆகியவற்றை எழுத்துத் தமிழில் எழுதுங்கள்.

வகுப்பில் செய்யுங்கள்

ஐந்து பேர் பங்காளிகளாக உட்காருங்கள். மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கூரை, சுவர், கழிப்பறை, மின்கம்பி என்ற நான்கில் இரண்டு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது. ஒருவர் கதவை விற்கலாம் என்கிறார். பேசி முடிவு செய்யுங்கள். பிறகு அந்த முடிவை அப்பத்தாவுக்கு ஒரு கடிதமாக எழுதுங்கள். அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று யோசித்து, அதற்குப் பதிலும் சேர்த்து எழுதுங்கள்.