கொழும்புக்குப் போகுமுன் பிள்ளைக்கு வீட்டில் படிப்பிக்க வேண்டிய பாடங்கள்



தீபாவளியும் சித்திரை வருஷப் பிறப்பும் முடிந்தால் நம்ம டவுன் பஸ் ஸ்டான்டில் நிற்க இடம் இருக்காது. தோள்ல ஒரு பேக், கையில ஒரு பொட்டலம் என்று நம்ம பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். புறக்கோட்டைச் சாமான் கடை, வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடை, கொட்டாஞ்சேனை ஸ்டோர் என்று ஒவ்வொருத்தருக்கும் ஓர் இடம். பொட்டலத்துக்குள்ளே அம்மா சுட்ட ரொட்டியும் சம்பலும் இருக்கும்.

கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த வார்த்தையும் எத்தனை நாளைக்கு வரும் என்று பெரியவர்கள் கேட்பார்கள். ரொட்டி கித்துல்கலை தாண்டுமுன் முடிந்து போகும். பஸ் ஏறும்போது சொல்லும் புத்தியும் அப்படித்தான். பிள்ளை தன் கையால் செய்து பழகியது மட்டும்தான் கூடவே போகும். ஆகவே சொல்லிக் கொடுப்பதோடு நிற்காமல், வீட்டில் வைத்தே செய்ய வைத்துப் பழக்க வேண்டிய சில பாடங்களை இந்த இதழில் பார்ப்போம்.

புதுக்கடையை ஏன் சொல்ல வேண்டும்?

கொழும்பு 12ல் புதுக்கடை என்று ஓர் இடம் இருக்குது. இங்கிலீஷில் ஹல்ஸ்டோர்ப் என்பார்கள். 1656ல் கொழும்புக் கோட்டையைப் பிடிக்க வந்த இடத்தில் இறந்து போன ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்டின் பேரால் வந்த பெயர் அது. உயர் நீதிமன்றம், மேல் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், நீதவான் நீதிமன்றம் எல்லாம் அங்கேதான். புறக்கோட்டையில் இருந்து நடந்தே போகலாம்.

களவெடுத்தவனும் அடிதடிக்காரனும் மட்டும்தான் புதுக்கடைப் படி ஏறுவான் என்று நினைக்க வேண்டாம். வாசிக்காமல் போட்ட ஒரு கையெழுத்து போதும். கூட வேலை செய்தவனுடைய த்ரீவீல் லீசிங்குக்குச் சிநேகிதத்துக்காக வைத்த ஒரு கையெழுத்து, இரண்டு வருஷம் கழித்து நோட்டீசாக லயத்துக்கு வந்த கதை நம்ம பக்கத்திலும் நடந்திருக்கிறது.

நம்ம சனத்துக்கும் புதுக்கடைக்கும் இன்னொரு பழைய தொடர்பும் உண்டு. 1948ன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம்ம தாத்தா பாட்டிமாரில் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949ல் வந்த சட்டத்தின் கீழே மனுப் போடலாம் என்றார்கள். ஆனால் இங்கே தொடர்ந்து வாழ்ந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும்: திருமணம் முடித்தவருக்கு 7 வருஷம், முடிக்காதவருக்கு 10 வருஷம். எட்டு லட்சம் பேருக்கு மேல் மனுப் போட்டும், கிடைத்தது ஏறக்குறைய ஒரு லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான். கோடக்கன் பிள்ளை என்பவரின் பேரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கும் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1951ல் தீர்ப்பு நமக்கு எதிராகப் போனது. 1953ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே சரி என்றது. 1964ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நம்ம சனத்தை இரண்டு நாட்டுக்கும் பங்கு பிரித்தது. மிச்சம் இருந்தவர்களுக்கு 2003ன் 35ஆம் இலக்கச் சட்டத்தால்தான் உரிமை முழுதாக வந்தது.

அது பாட்டன்மாருடைய பிழை இல்லை, சட்டம் அப்படி. ஆனாலும் கையில் துண்டு இல்லாதவன் வாயால் சொன்னது எடுபடவில்லை என்பதை அந்த 55 வருஷம் நமக்குக் காட்டிவிட்டது. இன்றைக்கு நமக்கு உரிமை இருக்குது. பத்திரத்தைப் பாதுகாக்கிற பழக்கம் மட்டும் எல்லா வீட்டிலும் இன்னும் வரவில்லை.

பாடம் 1: தன் பேர், தன் பத்திரம்

பிறப்புப் பத்திரத்தில் 'முத்துசாமி', பள்ளிக்கூட இடாப்பில் 'முத்துச்சாமி', செக்ரோலில் 'முத்தையா', அடையாள அட்டையில் இன்னொன்று. வீட்டில் கூப்பிடுகிற பேர் வேறு. வேலை செய்யும்போது இது ஒரு விஷயமாகத் தெரியாது. ஊழியர் சேமலாப நிதிக் காசை எடுக்கப் போகும்போதுதான், இந்த நாலு பேரும் ஒருத்தர் தானா என்று கேட்பார்கள். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, பிரதேச செயலகம், தொழில் அலுவலகம் என்று வயசான காலத்தில் அலைய வேண்டி வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள பத்திரங்களை எல்லாம் பாயில் பரப்பி வையுங்கள். பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். எங்கெங்கே எழுத்து வித்தியாசம் என்று அவனே கொப்பியில் எழுதட்டும். பிழை இருந்தால் பிறப்புப் பத்திரத்தில் இருந்து திருத்தத் தொடங்குங்கள். பச்சைக் குழந்தை இருக்கும் வீடென்றால் 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

15 வயசு முடிந்தால் அடையாள அட்டைக்கு மனுப் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் இருந்தால் அதிபர், இல்லாவிட்டால் கிராம சேவகர் அல்லது தோட்டத் தொரை உறுதிப்படுத்தித் தருவார். அட்டை வந்ததும் இலக்கத்தை வாசிக்கப் பழக்குங்கள். இப்போதைய அட்டையில் 12 இலக்கம். முதல் நாலு பிறந்த வருஷம். அடுத்த மூன்று, அந்த வருஷத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெப்ரவரி 1ந் திகதி பிறந்த பையனுக்கு 032. பெண் பிள்ளைக்கு அதோடு 500 கூட்டி 532 என்று இருக்கும். இது தெரிந்த பிள்ளை தன் அட்டையில் பிழை இருந்தால் தானே கண்டுபிடிக்கும்.

அட்டையைப் பிள்ளை தன்னோடுதான் வைத்திருக்க வேண்டும். பொறுப்புக்கு என்று முதலாளியிடம் கொடுத்துவிடக் கூடாது. ஒரு போட்டோக் கொப்பி வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கட்டும். தொலைந்தால் உடனே பொலிசில் முறைப்பாடு போட வேண்டும்.

பாடம் 2: கையெழுத்துக்கு முன் நாலு கேள்வி

இது என்ன பத்திரம்? எவ்வளவு காசு? எவ்வளவு காலம்? மற்றவன் கட்டாவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்? இந்த நாலு கேள்விக்கும் பதில் தெரியாமல் பேனாவை எடுக்கக் கூடாது.

நாலாவது கேள்விதான் முக்கியம். கடனுக்கு உத்தரவாதம் வைக்கிறவன் சும்மா சாட்சி இல்லை. கடன்காரன் கட்டாவிட்டால் அவன் கட்ட வேண்டும். வெறுங் காகிதத்திலும் தொகை எழுதாத செக்கிலும் கையெழுத்து கேட்கிறவன் யாராக இருந்தாலும், மாமனாக இருந்தாலும், "வீட்டில் கேட்டுச் சொல்றேன்" என்று எழும்பி வரப் பழக்குங்கள். பெரியவர்கள் கேட்டால் மறுக்கக் கூடாது என்று வளர்த்த பிள்ளைக்கு இது இலேசில் வராது. ஆகையால் வீட்டில் ஒத்திகை பாருங்கள். அப்பா முதலாளியாக நடிக்கட்டும். மகன் மரியாதையாக மறுத்துப் பழகட்டும்.

கொழும்பில் வரும் பத்திரங்களில் அதிகம் சிங்களத்திலோ இங்கிலீஷிலோதான் இருக்கும். "மட்ட சிங்ஹல கியவன்ன பெஹெ" (எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது) என்று சொல்வதில் வெட்கம் இல்லை. பொலிசில் வாக்குமூலம் எழுதினால், எழுதியதை நமக்கு விளங்கும் பாஷையில் சொல்லிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். பிழையாக இருந்தால் திருத்தச் சொல்லலாம். கோட்டில் வழக்கு சிங்களத்தில் நடந்தாலும், நம்ம பக்கத்தைத் தமிழில் சொல்லவும் மொழிபெயர்ப்புக் கேட்கவும் அரசியலமைப்பே உரிமை தந்திருக்குது.

பாடம் 3: சம்பளச் சீட்டு

கடையில் சேர்ந்தால் நியமனக் கடிதம் கேட்க வேண்டும். கடையிலே ஒரே ஓர் ஆள் வேலை செய்தாலும் முதலாளி சேமலாப நிதி கட்டத்தான் வேண்டும். இந்த நிதி 1958ன் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. தொழிலாளி பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம்.

இந்தக் கணக்கைப் பிள்ளையே போடட்டும். சம்பளம் 30,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அதில் 8 வீதம் 2,400. முதலாளி போடும் 12 வீதம் 3,600. மாசம் 6,000, வருஷம் 72,000. ஐந்து வருஷத்தில் வட்டி சேர்க்காமலே 3 லட்சத்து 60 ஆயிரம். இது போக, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம், அதாவது 900 ரூபா, தனியாகக் கட்ட வேண்டும். அது சம்பளத்தில் வெட்டுவது இல்லை. "சேமலாப நிதி வேணாம், அந்தக் காசையும் கையில தாறேன்" என்று சொல்லும் இடத்தில் பிள்ளை இழப்பது எவ்வளவு என்று இந்தக் கணக்கு தெரிந்தால் விளங்கும்.

நீங்கள் படிப்பிக்க வேறு புத்தகம் வேண்டியதில்லை. உங்கள் தோட்டச் சம்பளச் சீட்டே போதும். இந்த மாசம் எத்தனை பேர் போட்டிருக்குது, எத்தனை கிலோ கொழுந்து, எது எதற்கு வெட்டு என்று பத்து வயசிலிருந்தே பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். சீட்டில் பிழை இருந்தால் உங்களுக்கும் அப்போது தெரியவரும்.

பாடம் 4: காசும் போனும்

முதல் சம்பளம் கைக்கு வந்ததும் மூன்றாகப் பிரிக்கப் பழக்குங்கள்: வீட்டுக்கு, தனக்கு, பேங்குக்கு. பேங்குக்கு உரியது முதலில் போகட்டும். மிச்சம் வந்தால் போடலாம் என்று காத்திருந்தால் மிச்சம் வராது. சின்னப் பிள்ளைக்கு இதைப் பழக்க, கடைக்கு அனுப்பி மிச்சக் காசுக்குக் கணக்குக் கேளுங்கள். இரண்டு ரூபா குறைந்தாலும் ஏசாமல், எங்கே போனது என்று நினைவுபடுத்திச் சொல்லச் சொல்லுங்கள்.

பேங்க் கார்டின் இரகசிய இலக்கத்தைக் கார்டிலே எழுதி வைக்கக் கூடாது. போனுக்கு வரும் ஓடிபி இலக்கத்தைப் பேங்கிலிருந்து பேசுறோம் என்று சொல்கிறவனுக்கும் கொடுக்கக் கூடாது. பரிசு விழுந்திருக்குது என்று வரும் கோல் எல்லாம் பொய். சீட்டே எடுக்காதவனுக்குப் பரிசு எப்படி விழும்?

பாடம் 5: வாய் திறந்து கேட்பது

வழி தெரியாமல் நிற்கும் பிள்ளை, முதலில் வந்து பேச்சுக் கொடுத்தவனோடு போய்விடும். கடைக்காரர், பஸ் டைம்கீப்பர், சீருடையில் நிற்கும் உத்தியோகத்தர் ஆகியோரிடம் கேட்கப் பழக்குங்கள். வீட்டு போன் நம்பர் மனப்பாடமாக இருக்க வேண்டும். போன் தொலைந்த அன்றைக்கு அதில் பதிந்து வைத்த நம்பர் உதவாது.

சுவரில் எழுதி ஒட்ட வேண்டிய இலக்கங்கள்: பொலிஸ் 119. அம்புலன்ஸ் 1990. சிறுவர் பாதுகாப்பு 1929. பெண்களுக்கு 1938.

வழக்கு என்று வந்து, வக்கீலுக்குக் கொடுக்க வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்குது. வருமானம் குறைந்தவர்களுக்கு உதவ 1978ன் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைத்தது. தலைமை அலுவலகம் புதுக்கடையிலேயே இருக்குது. வெளியூர்களிலும் கிளைகள் உண்டு. தரகனைப் பிடிக்குமுன் அங்கே போய்க் கேட்க வேண்டும்.

பாடம் 6: சோறும் துணியும்

சோறாக்க, ஒரு பருப்புக் கறி வைக்க, பட்டன் தைக்க, தன் துணியைத் துவைக்கப் பையனுக்கும் தெரிய வேண்டும். கொழும்பில் மூன்று வேளையும் கடையில் சாப்பிடுகிறவனுக்குச் சம்பளம் மிஞ்சாது. "ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு அடுப்படி?" என்று கேட்கும் பாட்டிமாருக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும்தான். அஸ்பிரின் போன்ற வேறு வலி மாத்திரை டெங்குக் காய்ச்சலில் உயிருக்கே ஆபத்து. இரண்டு நாளில் குறையாவிட்டால் ஆஸ்பத்திரி. இதையும் பிள்ளை அறிந்திருக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு பாடம்

2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயசுப் பெண் பிள்ளை ஒன்று, கொழும்பில் வேலை செய்த வீட்டிலிருந்து தீக்காயங்களோடு தேசிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டு, சில நாளில் இறந்து போனது. நம்ம மலையகமே அழுதது. நம்ம பிள்ளைகளை எப்படி அனுப்புகிறோம் என்று அந்த நேரம் எல்லோரும் கேட்டோம். அந்தக் கேள்வியை இப்போதும் விட்டுவிடக் கூடாது.

16 வயசு வரை பள்ளிக்கூடம் கட்டாயம். வேலைக்குச் சேர்க்கும் குறைந்த வயசையும் 2021ல் 14லிருந்து 16 ஆக்கினார்கள். தரகன் வந்து முற்பணத்தை மேசையில் வைக்கும்போது, வீட்டில் கஷ்டம் இருந்தாலும், பிள்ளையின் வயசைப் பாருங்கள். மேலே சொன்ன பாடங்கள் எதுவும் 13 வயசுப் பிள்ளையைக் காப்பாற்றாது. அந்த வயசில் அதைக் காப்பாற்ற வேண்டியது நாம்தான். வயசு வந்து போகும் பிள்ளையானாலும், வேலை இடத்தின் முழு முகவரி கையில் இல்லாமல் அனுப்பக் கூடாது. முதல் மாசத்தில் ஒரு தடவையாவது நேரில் போய்ப் பாருங்கள்.

வீட்டுப் பயிற்சி

1. நம்ம வீட்டில் ஒவ்வொருத்தருடைய பேரும் எல்லாப் பத்திரத்திலும் ஒரே மாதிரி இருக்குதா?
2. இந்த மாசச் சம்பளச் சீட்டில் உள்ள வெட்டுகளை மூத்த பிள்ளை விளக்கிச் சொல்லுமா?
3. கடன் உத்தரவாதம் கேட்டு வந்தால் மகனும் மகளும் என்ன பதில் சொல்வார்கள்? நடித்துப் பாருங்கள்.
4. போனைப் பார்க்காமல் வீட்டு நம்பரை யார் யாருக்குச் சொல்லத் தெரியும்?
5. அடுத்த ஞாயிறு வீட்டுச் சமையலை மகன் செய்யட்டும். உப்புக் கூடினாலும் சிரிக்க வேண்டாம்.

ஒரு வாரத்துக்கு ஒரு பாடம் என்று வைத்தால் ஒன்றரை மாசத்தில் முடிந்துவிடும். பத்திரம் திருத்தும் விஷயத்தில் சந்தேகம் இருந்தால் மாலை நேரத்தில் நலன்புரி அறைக்கு வாருங்கள். பத்திரங்களையும் கொண்டு வாருங்கள், பிள்ளையையும் கூட்டி வாருங்கள். மனுவைப் பிள்ளையின் கையாலேயே நிரப்பிக்கொள்வோம்.