வீடு விழுந்த பின் காணி யாருடையது?

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் திகதி, சனிக்கிழமை, முற்பகல் 11.56 மணிக்கு நேபாள நாடு குலுங்கியது. கோர்க்கா மாவட்டத்தில் பார்ப்பாக் என்னும் மலைக்கிராமத்தருகே தொடங்கிய அந்நிலநடுக்கம் 7.8 அளவாகப் பதிவாயிற்று. பதினேழு நாட்கள் கழித்து, மே 12ஆம் திகதி, 7.3 அளவில் மீண்டும் ஓர் அதிர்வு. ஏறக்குறைய 9,000 பேர் மாண்டனர். சுமார் 5 இலட்சம் வீடுகள் முற்றாக அழிந்தன.

தோட்டவெளியில் நின்று பார்த்தால் எமக்குப் பனைதான் உயரம். மலையையும் அறியோம், நிலநடுக்கத்தையும் அறியோம். 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராக் கடலடியில் நிலம் பிளந்து எழுந்த பேரலைகூடக் கிழக்கையும் தெற்கையும் அழித்ததுபோல எமது கரையை அழிக்கவில்லை. அப்படியிருக்க நேபாளத்தைப் பற்றி எமக்கு ஏன் பாடம் என்று கேட்கலாம். வீட்டையும் வயலையும் விட்டு எழுந்தோடி, தகரத்தின் கீழே ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது என்னவென்று அறிந்தவர்கள் நீங்கள். அந்த மலைநாட்டுக் கமக்காரரின் கதையில் உங்களுக்குத் தெரிந்த பல விடயங்கள் உண்டு.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துவிடுவோம். இது கடவுளின் தண்டனையா? 1934 ஜனவரியில் நேபாளத்தையும் பீகாரையும் ஒரு பெரும் நிலநடுக்கம் தாக்கியபோது, தீண்டாமை என்ற பாவத்துக்கான தண்டனை அது என்று காந்தியடிகள் சொன்னார். தீண்டாமையை வெறுப்பதில் அவருக்குக் குறையாத தாகூர், இயற்கையின் நிகழ்வுக்கு இப்படிக் காரணம் கற்பிப்பது தகாது என்று மறுத்தார். நாம் இதில் தாகூரின் பக்கமே. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெண்மர் மற்றவரைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்பதுதான் இயேசு தந்த விளக்கமும். இந்தியாவைத் தாங்கும் நிலத்தட்டு, வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் வடக்கே நகர்ந்து ஆசியத் தட்டின் கீழ் நுழைகிறது. அந்த நெருக்குதலால்தான் இமயமலையே எழுந்தது. இறுகி நிற்கும் பாறை ஒருநாள் வழுகும்போது நிலம் நடுங்குகிறது.

நிலம் நடுங்கியதற்கு மனிதர் காரணரல்லர். ஆனால், அதன் பின் எவர் எழுந்தார், எவர் எழ முடியாமற் போனார் என்பதில் மனிதரின் சட்டங்களுக்குப் பெரும் பங்குண்டு.

மலைக்கிராமங்களின் வீடுகள் பெரும்பாலும் கல்லையும் மண்சாந்தையும் கொண்டு கட்டப்பட்டவை. குலுக்கத்தில் அவை கற்குவியலாயின. சனிக்கிழமை அங்கே பள்ளிக்கூட விடுமுறை. நண்பகலாதலால் பலர் வயல்வெளியில் நின்றனர். இவ்விரண்டும் இல்லாதிருந்தால் இறந்தோர் தொகை இன்னும் பெருகியிருக்கும். தானியமும் விதையும் வீட்டுக்குள் இருந்தபடியால் அவையும் புதையுண்டன. நாற்று நடும் மழைக்காலத்துக்குச் சில வாரங்களே இருந்தன. உயிர் தப்பியவர்கள் இடிபாட்டைக் கிளறி விதை தேடினார்கள். விதைநெல்லையும் விட்டு ஓடிவந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மீள்நிர்மாணத்துக்கென ஓர் அதிகாரசபையை நேபாள அரசு 2015 டிசம்பரில்தான் அமைத்தது. அதற்குள் ஒரு மழைக்காலம் போய்க் குளிரும் வந்துவிட்டது. வீடிழந்த குடும்பத்துக்கு முதலில் 2 இலட்சம், பின்னர் 3 இலட்சம் நேபாள ரூபா என்று தீர்மானிக்கப்பட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் 50,000, அத்திவாரம் முடிந்து பொறியியலாளர் பார்த்த பின் ஒன்றரை இலட்சம், மிகுதி கூரை மட்டத்தில். வீட்டுக்காரரே கட்டும் முறை இது. நல்ல முறைதான். ஆனால் ஒப்பந்தம் எழுத வேண்டுமானால் காணி உரிமைப் பத்திரம் வேண்டும். அதனை அங்கே ‘லால்புர்ஜா’ என்பர்.

அது இல்லாதவர்கள் எத்தனை விதம்! தலைமுறையாகப் பிறர் நிலத்தில் குத்தகைக்கு உழுதவர்கள், காட்டோரக் காணியில் பத்திரமின்றி இருந்தவர்கள், பாட்டனார் பெயரில் உள்ளதைப் பிரித்தெழுதாதவர்கள், பத்திரத்தையே இடிபாட்டில் பறிகொடுத்தவர்கள். ஆண்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் உழைக்கப் போயிருந்தனர். வீட்டில் நின்ற மனைவியிடம் பிள்ளைகள் இருந்தனர், ஆடு மாடு இருந்தது. பத்திரமோ கணவன் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தது. ரசுவா மாவட்டத்தின் ஹாக்கு பகுதி மக்களுக்கோ நிலமே சரிந்து, திரும்பிப் போவது ஆபத்தாயிற்று. அவர்கள் ஆண்டுக்கணக்கில் முகாம்களில் தங்கினர். பிற்பாடு விதிகள் தளர்ந்தன. அயலவரின் சாட்சியம் ஏற்கப்பட்டது. காணியற்றோர் நிலம் வாங்க 2 இலட்சம் ரூபா வரை வழங்கவும் ஏற்பாடாயிற்று. ஆனால் ஏழைகளே கடைசியில் நின்றனர்.

எமது நாட்டுக்கு வருவோம். போரின் பின், இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. இங்கும் வீட்டுக்காரரே கட்டும் முறைதான். இங்கும் காணிக்கு ஏதாவதோர் அத்தாட்சி கேட்கப்பட்டது. எம்மிடம் வந்த ஒரு தாய், பால்மாப் பேணிக்குள் சுருட்டி வைத்திருந்த உறுதியை எடுத்துக் காட்டினார். நான்கு முறை இடம்பெயர்ந்தும் பேணியை விடவில்லையாம். அவருடைய அயலவரிடம் உறுதியும் இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை. ஒரே ஒழுங்கையில் ஒருவர் வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட, மற்றவர் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

வேறொருவர் காணியை எவரும் தடையின்றிப் பத்து வருடம் ஆண்டால் உரிமை கோரலாம் என்பது எமது நாட்டுச் சட்டம். ஓடிப்போனவனின் காணிக்கும் அது பொருந்தினால் என்னாவது? இதற்காகவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. போரினால் 2009 மே வரை தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என்றது. ஆனால் வழக்கிடத் தந்த தவணை இரண்டே வருடம். அது முடிந்து போயிற்று. சட்டம் வந்ததையே பலர் அறியவில்லை. அதனை எடுத்துச் சொல்வதில் எம்மைப் போன்றோரும் போதிய முயற்சி எடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி, கையிலுள்ளதைப் பார்ப்போம். உறுதி தொலைந்திருந்தால், நொத்தாரிசு அனுப்பிய இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்தில் இருக்க வேண்டும். பிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம். அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்துப் பேரேட்டில் பதிவுண்டு. போரில் ஏடுகள் அழிந்த இடங்களில் இது எளிதல்ல. அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளர் பெயர் எழுதப்பட்டதா என்று கட்டாயம் பாருங்கள். பெயர் எழுதாவிடில் மகளுக்கு முன் மகனே என்றிருந்த பழைய வரிசையை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றிவிட்டது. ஆயினும் உயிரோடிருக்கையில் பெயரை எழுதி வைப்பதே வழக்கைத் தவிர்க்கும்.

பத்திரம் எதுவும் இல்லாதவர்களுக்கு அயலவரே சாட்சி. கிளுவை வேலி உக்கிப் போகும்; எந்தக் கிணற்றுக்கு மேற்கே எவருடைய வளவு என்பது முதியவர்களின் நினைவில்தான் நிற்கும். அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எனவே அடுத்த மாதக் குழுக்கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் தம்மிடமுள்ள காணிப் பத்திரங்களைக் கொண்டுவரட்டும். கிழிந்ததாயினும் பரவாயில்லை. ஊர் முதியவர் இருவரையாவது அழைத்து வாருங்கள். பெரிய தாளொன்றில் கோயில், குளம், கிணறு, எல்லைப் பனை எல்லாவற்றையும் குறித்து, வளவு வளவாகப் பெயர் எழுதிக் கையொப்பமிடுங்கள். மூன்று பிரதி எடுங்கள்: ஒன்று கிராம அலுவலருக்கு, ஒன்று பங்குமனைக்கு, ஒன்று மாதர் சங்கத்தின் பெட்டிக்கு.